அடுத்த நெரைக் காய்

நூறு விதையையும் எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்குள் குகையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். அவ்வளவுதான். கேட்பதற்கு ஒன்றுமில்லாத காரியம் போல இருக்கும். போன ஆடிக் காற்றில் ஆரம்பித்தேன். தை பிறந்தும் நான் அந்தக் குகைக்குள்தான் கிடந்தேன்.

இது கம்ப்யூட்டரில் விளையாடுகிற விளையாட்டு. தலையில் விளக்குக் கட்டிய ஒரு சின்ன உருவம். அதற்குக் கண் மட்டும் உண்டு, வாய் கிடையாது. அதைப் பூமிக்கு அடியில் இறக்கி விட்டுவிடுவார்கள். உள்ளே அறை அறையாகப் போய்க்கொண்டே இருக்கும். சில கதவு திறக்கும், சிலது திறக்காது. உயரத் தாவுகிற சக்தி ஓர் இடத்தில் கிடைக்கும், தண்ணீருக்குள் மூச்சுப் பிடிக்கிற சக்தி இன்னோர் இடத்தில், தூரத்தில் இருப்பதைக் கொக்கி போட்டு இழுக்கிற சக்தி வேறோர் இடத்தில். எது முதலில் கைக்கு வருகிறதோ அதை வைத்துத்தான் அடுத்து எந்தக் கதவுக்குப் போகலாம் என்பது. வழியெல்லாம் மின்னுகிற விதைகள் ஒளிந்திருக்கும். சும்மா விளையாடுகிறவர்கள் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேலே வந்துவிடலாம். நான் ஆடியது அப்படி இல்லை. ஒரு விதைகூட விடக் கூடாது, அதையும் வெரசாக எடுக்க வேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத காரியம். ஒன்றும் விடாமல் எடுத்தால் நேரம் போய்விடும், நேரத்தைப் பிடித்தால் எங்காவது மூலையில் ஒரு விதை உட்கார்ந்துகொண்டு பல்லைக் காட்டும். அதனால் எல்லாம் வழியில்தான் இருக்கிறது. எந்த வழியாகப் போய் எந்த வழியாகத் திரும்புவது. அந்த வழிதான் என் உயிரை வாங்கியது.

என் மகள் கோயமுத்தூரில் வேலை பார்க்கிறாள். எல்லாரும் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்த்த அந்த வருசங்களில் போடிக்கு வந்து எங்களோடு இருந்தாள். சாயங்காலமானால் இதை விளையாடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பேன். ஒருநாள் ஆபீஸிலிருந்து போன் வரவும் கையிலிருந்த, விளையாட்டை ஓட்டுகிற பொத்தான் கட்டையை என் மடியில் போட்டு, "அம்மா, இது செத்துராமப் பாத்துக்க, இந்தா வந்துர்றேன்" என்று மாடிக்குப் போனாள். போனவள் வர நேரமாகிவிட்டது. அதைச் சாகவிடாமல் பார்த்துக்கொண்டதில் நான் இரண்டு அறை தாண்டியிருந்தேன். அவள் திரும்ப வேலைக்குப் போனபோது புதுக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டு பழையதை எனக்கு விட்டுவிட்டுப் போனாள். பேட்டரி செத்துப்போன கம்ப்யூட்டர். கரண்டு இருந்தால்தான் அதற்கு உயிர்.

எழுத்து அதிகம் இல்லாத விளையாட்டு. எல்லாம் படம்தான். உள்ளே ஓர் ஆள் கிடையாது, ஒரு பேச்சு கிடையாது. வேலைக்குப் போன காலத்தில் ஜீப்புக்குள் மடிமேல் மடியாக உட்கார்ந்து மலையேறி, ஏலக்காடு முழுக்கப் பெண்களோடு வேலை பார்த்து, வீட்டுக்கு வந்தால் அங்கேயும் கூட்டம். கூட்டத்தில் எனக்கு வாய் எழாது. இந்தக் குகைக்குள் வாய் எழ வேண்டிய அவசியமே இல்லை. எனக்கு அது பிடித்துப்போனது.

தமிழில் பேசிக்கொண்டு இந்த விளையாட்டை விளையாடுகிறவர்களுக்கு போனில் ஒரு குரூப் இருக்கிறது. மகள் என்னை அதில் சேர்த்துவிட்டாள். பெயர் போடவில்லை, ஓர் ஏலப் பூவின் படம் மட்டும். நான் அதில் ஒரு வார்த்தை எழுதியதில்லை. யாராவது வழி சொன்னால் கட்டைவிரல் படத்தைப் போடுவேன். அவர்கள் என்னைத் தங்களைப் போல ஒரு பையன் என்று நினைத்துக்கொண்டார்கள். "ப்ரோ, தாவல எடுத்துட்டு வேர்க்காட்டுக்குத் திரும்பாதீங்க ப்ரோ" என்று ஒருத்தன் எழுதுவான், வேர்க்காடு என்பது குகையின் ஒரு பகுதி. ப்ரோ என்றால் அண்ணன் தம்பி என்று மகள் சொன்னாள். அதுவும் எனக்கு வசதியாகத்தான் இருந்தது.

அந்தக் குரூப்பில் ஒரு லிஸ்ட் உண்டு. நூறையும் எடுத்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தவர்கள் மட்டும் அதில் இருப்பார்கள். ஆட்டத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரைக்கும் பதிவு செய்து, சத்தத்தோடு, வெட்டாமல் ஒட்டாமல் அனுப்ப வேண்டும். குரூப்பை நடத்துகிற தம்பி முழுசையும் பார்த்துவிட்டுத்தான் சேர்ப்பான். அந்த லிஸ்டில் என் ஏலப் பூ இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. பூ மட்டும். அது யாருடையது என்று யாருக்கும் தெரியக் கூடாது.

"பேரெல்லாம் வேணாம்மா. பூவே போதும்" என்று மகள் சொன்னாள். பதிவு செய்வதற்கு ஆரம்பத்தில் ஒரு பொத்தான், முடிவில் ஒரு பொத்தான் என்று காட்டிக்கொடுத்தாள். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் என் வீட்டுக்காரர் வீட்டில் உட்கார்ந்தார்.

அவர் போடியிலிருந்து மலைக்கு ஜீப்பு ஓட்டியவர். காலையில் ஏலக்காய் எடுக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு ஏறுவார், இறங்கும்போது மூட்டை ஏற்றி வருவார். கண்ணில் புரை ஆபரேஷன் ஆனதும் இனிமேல் மலை ரோட்டில் ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜீப்பு கைமாறிப் போனது. மனுசர் வீட்டில் உட்கார்ந்தார். வீட்டில் என்றால் என் பக்கத்தில்.

"என்னாது இது, கரையான் புத்துக்குள்ள ரோடு போட்டாப்ல?"

"வெளையாட்டு."

"எங்க போகுது?"

"எங்கயும் போகல. நீங்க காப்பியக் குடிங்க."

காப்பியைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். நாற்காலியைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். அன்றோடு போனது என் நிம்மதி.

குகைக்கு ஒரு வரைபடம் உண்டு. பொத்தானை அமுக்கினால் வரும். வேர்க்காடு பழுப்பு நிறம், சுண்ணாம்புக் குகை வெள்ளை, தண்ணீர்க் கிடங்கு நீலம். அவர் அதைப் பார்த்துவிட்டார். ஆயுசு முழுக்க ரோட்டில் கிடந்த மனுசருக்கு ஒரு வரைபடத்தைக் காட்டினால் என்ன ஆகும்? மறுநாள் காலையில் பல் துலக்குவதற்கு முன்னால் வந்து நிற்கிறார்.

"இந்தா, அந்த வெள்ளையில இருந்து சும்மா எறங்கி வந்தியே, அது தப்பு. ஏறுறப்ப ஒரு லோடு, எறங்குறப்ப ஒரு லோடு. வெறும் வண்டியா எறங்குனா டீசலு யாரு போடுவா?"

"இதுல டீசலு இல்ல."

"நேரம் இருக்குல்ல? அதான் டீசலு."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல். சுண்ணாம்புக் குகையிலிருந்து கீழே வர கயிற்றில் தொங்குகிற ஒரு தொட்டி உண்டு. அதில் ஏறி இறங்கினால் பக்கத்துச் சுவரிலிருக்கிற விதைகளை எடுத்துக்கொண்டே வரலாம். ஆனால் தொட்டி வரும் வரைக்கும் நின்றுகொண்டிருக்க வேண்டும். நான் படியில் குதித்து ஓடிவிடுவேன்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு. தலையில் இருக்கிற விளக்குக்கு அங்கங்கே எண்ணெய் வைத்திருப்பார்கள். போய் நின்றால் விளக்கு ரொம்பும். அதற்கு வெகு நேரம் ஆகும். எண்ணெய்ச் சட்டியைக் கண்டுவிட்டால் அவருக்குக் கை கால் நிற்காது.

"ரொப்பு, ரொப்பு."

"பாதி இருக்கு. போதும்."

"பாதி டேங்க்குல நான் மெட்டு ஏற மாட்டேன்."

"நீங்க ஏற வேணாம். நான்தான் ஏறுறேன்."

கல்யாணமான புதிதிலேயே அவர் ஜீப்பில் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு நான் வேறு ஜீப்பில் ஏறிக்கொண்டேன். ஓர் ஆள் குறைந்தாலும் வண்டியை எடுக்க மாட்டார். மற்ற ஜீப்பெல்லாம் போன பிறகு நாங்கள் போய்ச் சேருவோம். அதே மனுசர், அதே குணம். இப்போது என் விளக்கு ரொம்பினால்தான் நகர விடுவேன் என்கிறார்.

கோயமுத்தூரிலிருந்து மகள் வேறு. ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். நான் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கட்டையைப் பிடித்திருப்பேன்.

"அம்மா, தண்ணிய மொதல்ல எடு. எல்லாரும் அப்படித்தான் எடுக்குறாங்க."

"நீ சும்மா இரு தாயி" என்று இவர் இடையில் நுழைவார். "அந்தத் தண்ணி ரோடு பூராம் முட்டுச்சந்து."

"அப்பா, நீங்க இத ஒரு தடவையாவது வெளையாடியிருக்கீங்களா?"

"நான் எதுக்கு வெளையாடணும்? கண்டக்டருக்கு வண்டி ஓட்டத் தெரியணுமா?"

"கண்டக்டர் ரூட்டு சொல்ல மாட்டாருப்பா. டிக்கெட்டுதான் கிழிப்பாரு."

"உங்க ஆத்தாளுக்கு நீ சொல்ற வேகம் கைல வருமா? அவ முருங்கக்கீரை ஆயிறதப் பாத்திருக்கேல்ல?"

"ரெண்டு பேரும் போன வச்சுட்டுச் சண்டை போடுங்க" என்று நான் கத்தினேன். வைத்துவிட்டால் எப்படிச் சண்டை போடுவார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

மகள் சொன்ன வழியில் போய்ப் பார்த்தேன். தாவல் சக்தி இல்லாமலே ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இரண்டு பொத்தானை ஏறக்குறைய ஒன்றாக, ஆனால் ஒன்றாக இல்லாமல் அமுக்க வேண்டுமாம். என் கட்டைவிரல் அதற்கு வரவில்லை. காலை முழுக்க அந்த உருவம் பள்ளத்தில் விழுந்து செத்துக்கொண்டே இருந்தது. அவர் வழியில் போய்ப் பார்த்தேன். தொட்டியில் மிச்சம் பிடித்ததையெல்லாம் எண்ணெய்ச் சட்டியில் விட்டேன். இரண்டையும் கலந்து நானாக ஒரு வழி போட்டேன். முதலில் வேர்க்காடு, அப்புறம் சுண்ணாம்பு, கடைசியில் தண்ணீர். அதில் ஓரளவு இறங்கியது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஏழெட்டு நிமிசம் எப்போதும் ஒட்டிக்கொண்டே நின்றது. எங்கே போகிறது அந்த ஏழெட்டு நிமிசம் என்று தெரியவில்லை. தோசை ஊற்றும்போதும் யோசிப்பேன், பஸ்சில் போகும்போதும் யோசிப்பேன்.

ஒருநாள் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர்க் கிடங்குக்கு வந்துவிட்டேன், விரலும் சொன்னபடி கேட்டது. கரண்டு போனது. கம்ப்யூட்டர் கறுத்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவர் வேகமாக எழுந்து தெருவுக்குப் போய் நாலு வீடு பார்த்துவிட்டு வந்து ஆறுதல் சொன்னார்.

"நமக்கு மட்டும் போகல. தெருவுக்கே போயிருச்சு."

இன்னொரு நாள் பால் வாங்கப் போனேன். டீக்கடையில் நின்றிருந்த ஒருத்தர், இவரோடு ஜீப்பு ஓட்டியவர், "என்னக்கா, குகைய விட்டு எப்ப வெளிய வந்தீக?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பால் செம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வந்துவிட்டேன், பால் வாங்கிய செம்பை எதற்கு மறைத்தேன் என்று தெரியாது. வீட்டுக்கு வந்து அவரைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊரெல்லாம் சொல்லணுமா?"

"ஊரெல்லாம் எங்க சொன்னேன்? டீக்கடையிலதான சொன்னேன்."

அதிலிருந்து வேறு தெருவில் பால் வாங்குகிறேன். டீக்கடைக்கே இப்படி என்றால் அந்தக் குரூப்புக்குத் தெரிந்தால் என்ன ஆவது? அவர்கள் என்னைப் ப்ரோ என்று கூப்பிட்டுக்கொண்டு போகட்டும். அதுவே போதும்.

மார்கழியில் ஒரு காலை. சுண்ணாம்புக் குகையில் ஓடிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு சுவரில் வெடிப்பு இருக்கும். வெடிப்புக்கு அந்தப் பக்கம் தண்ணீர்க் கிடங்கு. வெடிப்பு வழியாக ஒரு திட்டில் விதை மின்னுவது தெரியும். நான் எப்போதும் போல அதைத் தாண்டிப் போனேன்.

"ஏய், நில்லு" என்றார் இவர்.

"நிக்க நேரமில்ல."

"அந்தா ஒண்ணு கெடக்குல்ல? கொக்கியப் போட்டு இழு."

"அது அந்தப் பக்கத்துது."

"எந்தப் பக்கத்துதா இருந்தா என்ன? கொக்கிக்கு எட்டுதுல்ல?"

"எட்டுனா? அது நீலத்துது. நீலத்துக்குப் போறப்ப எடுத்துக்குவேன்."

"அங்க போயி எடுக்க எம்புட்டுச் சுத்து! முங்கி, எந்திரிச்சு, அந்தச் சக்கரத்தத் திருப்பி. இங்க நின்னாப்ல எடுக்குறதுக்கு என்ன?"

"அடுத்த நெரையில போயி கை வைக்கச் சொல்றீகளா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, கண்ணில் தண்ணீர் வந்து, ஆபரேஷன் பண்ணின கண்ணைக் கசக்கக் கூடாது என்று நான் துண்டை எடுத்துக் கொடுக்கிற வரைக்கும் சிரித்தார்.

"அந்தக் குகைக்குள்ள யாருடி அடுத்த நெரைக்காரி? பேயா?"

ஏலக்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு இது விளங்கும். காலையில் போனதும் கங்காணி ஆளுக்கொரு நெரை, அதாவது ஒரு செடி வரிசை, பிரித்து விடுவார். இந்தச் செடியிலிருந்து அந்த மேடு வரைக்கும் உனக்கு, அதற்கு அடுத்தது அவளுக்கு. ஏலக்காய் தட்டையின் உச்சியில் காய்ப்பதில்லை. அடியிலிருந்து சரம் கிளம்பித் தரையில் படர்ந்து, அதில் காய்க்கும். படர்கிற சரத்துக்கு நெரை தெரியுமா? அடுத்தவள் செடியின் சரம் என் காலுக்கடியில் வந்து கிடக்கும், நல்ல முற்றின காயாக. எடுக்கக் கூடாது. சரத்தைத் தூக்கி அவள் பக்கம் போட்டுவிட்டுப் போக வேண்டும். எடுத்துவிட்டால் சாயங்காலம் எடை போடுகிற இடத்தில் சண்டை. அவளுக்குக் கை நீளம் என்று ஒரு தரம் பெயர் வாங்கிவிட்டால் பிறகு பக்கத்து நெரைக்கு யாரும் வர மாட்டார்கள். நான் யாரிடமும் அந்தப் பேச்சு வாங்கியதில்லை. வாங்கினால் பதில் சொல்ல எனக்கு வாய் கிடையாதே, அதனால் ரொம்ப ஜாக்கிரதையாக இருப்பேன்.

அந்த ஜாக்கிரதை குகை வரைக்கும் வந்திருக்கிறது. உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்தால், ஒன்றில்லை. வெள்ளையில் நின்றபடி நீலத்தில் எடுக்கக்கூடியது, பழுப்பில் நின்றபடி வெள்ளையில் எடுக்கக்கூடியது என்று எல்லை ஓரமெல்லாம் கிடக்கிறது. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே தாண்டிப் போய், பிறகு ஊரைச் சுற்றி வந்து அதன் சொந்தப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறேன். என் ஏழெட்டு நிமிசமும் அங்கேதான் போயிருக்கிறது. ஆடியிலிருந்து. இந்த மனுசர் கண்டுபிடித்தார் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

சரி, தெரிந்துவிட்டதே, எடுக்க வேண்டியதுதானே என்றால், கை வர வேண்டுமே. வெடிப்புக்கு முன்னால் வந்து நிற்பேன். பொத்தான் விரலுக்கடியில் இருக்கும். விரல் யோசிக்கும். அந்த யோசனையிலேயே ஒரு வௌவால் வந்து அடித்துவிட்டுப் போய்விடும். தை மாதம் பாதி வரைக்கும் நான் அடுத்த நெரையில் காய் திருடப் பழகினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தடவையும் பக்கத்திலிருந்து இவர், "எடு, கங்காணி பாக்கல" என்பார். போங்க அந்தப் பக்கம் என்பேன். போக மாட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் சோறு வடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். கரண்டு இருந்தது. பதிவு பொத்தானை அமுக்கினேன். வேர்க்காடு வழுக்கிக்கொண்டு போனது. எல்லையில் மூன்று விதையை நின்றபடியே இழுத்தேன். சுண்ணாம்பில் வெடிப்புகளில் எல்லாம் கொக்கி போட்டேன். எண்ணெய்ச் சட்டியில் நிற்கவே இல்லை, இவர் பதறினாலும். கீழே இறங்கும்போது அவர் தொட்டி, தொட்டி என்றார், நான் குதித்து இறங்கினேன். தண்ணீர்க் கிடங்கில் முங்கி எழுந்து கடைசி மேட்டுக்கு வந்தபோது மூலையிலிருக்கிற கடிகாரத்தில் நேரம் மிச்சம் இருந்தது. இன்னும் ஒரே ஒரு விதை. அது வேர்க்காட்டுத் திட்டில், ஒரு வேருக்கு அப்பால். அந்த இடத்தில் எனக்குத் திரும்பவும் விரல் நின்றது.

"எடுடி!" என்று இவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எடு! எடு! கைய நீட்டு! எவ வந்து கேக்கப்போறா, எடுடி!"

"நாசமாப்போன மனுசா, வாய மூடுய்யா!" என்று நான் கத்தினேன். கத்திக்கொண்டே அமுக்கினேன். விதை வந்தது. ஓடினேன். வெளிச்சம் வந்தது. நூறுக்கு நூறு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிமிசத்துக்கும் குறைவாகத்தான் மிச்சம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரை நான் அப்படிச் சொன்னதில்லை. அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "பாத்தியா, பாத்தியா" என்று டம்ளரைத் தேடிப்போனார்.

பதிவை மகளுக்கு அனுப்பினேன், அவள் சரிபார்த்து எப்படிக் குரூப்புக்கு அனுப்புவதென்று சொல்வாள் என்று. மத்தியானம் போன் வந்தது. முதலில் சிரிப்பு மட்டும்தான் கேட்டது.

"அம்மா... உங்க ரெண்டு பேரு குரலும் இதுல இருக்கும்மா. மைக்கு தெறந்தே இருந்திருக்கு."

"எந்தக் குரலு?"

"பூராமும். எண்ணெய ரொப்புனு அப்பா. போங்க அங்கிட்டுனு நீ. அப்பறம் ஒவ்வொரு தடவ கொக்கி போடுறப்பவும் 'கோவிச்சுக்காத தாயி'ன்னு சொல்றியே, அது யாரும்மா?"

நான் அப்படிச் சொன்னது எனக்கே தெரியாது. அதுவரைக்கும் பதிவு செய்த எதையும் அனுப்பும்படி நேரம் வந்ததில்லை, அதனால் யாரும் கேட்டுப் பார்த்ததும் இல்லை.

"சத்தத்த எடுத்துரு."

"எடுத்தா சேக்க மாட்டாங்கம்மா. சத்தம் வெட்டாம இருக்கணும்னு ரூலு. மைக்க அடச்சுட்டு இன்னொரு தடவ ஆடேன்."

ஆடினேன். மைக்கை அடைத்து ஆடினேன். பள்ளத்தில் விழுந்தேன். இவரை டீக்கடைக்கு அனுப்பிவிட்டு ஆடினேன். அவர் போன வேகத்தில் திரும்பி வந்து சன்னல் வழியாக, "இப்ப வெள்ளையிலயா இருக்க?" என்றார். விரல் மறுபடியும் நெரை பார்க்க ஆரம்பித்தது. நேரம் இரண்டு மணியைத் தாண்டிப் போய் நின்றது. ஒரு நாள் கரண்டு. ஒரு நாள் என் கட்டைவிரல் வீங்கிவிட்டது, மகள் இனி ஒரு வாரம் தொடாதே என்றாள்.

அந்த வாரம் முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அனுப்பினால் அத்தனை பையன்களும் என் கத்தலைக் கேட்பார்கள். ப்ரோ போய்விடும். கிழவி என்று தெரியும், புருசனை வைதுகொண்டிருக்கிற கிழவி என்று தெரியும். அனுப்பாவிட்டால் என் பூ லிஸ்டில் வராது. இன்னொரு தடவை அந்த நேரம் எனக்குக் கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை. இவரோ பக்கத்தில் உட்கார்ந்து, "அனுப்பிட்டியா? என்ன சொன்னாங்ய?" என்று பொழுதுக்கும் கேட்டுக்கொண்டிருந்தார். அனுப்பவில்லை என்று நூறு தரம் சொல்லியாயிற்று.

"எதுக்கு அனுப்பல?"

"நீங்க கத்துனதுனாலதான்."

"நான் கத்தலேன்னா நீ எடுத்திருக்கவே மாட்ட."

அதைக் கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆடியிலிருந்து அந்தக் குகைக்குள் விழுந்து செத்தது நான். அந்த மூன்று நிற வரைபடத்தை மனப்பாடம் பண்ணியது நான். வேறு தெருவுக்குப் பாலுக்கு நடக்கிறது நான். இந்த மனுசர் தொண்டையினால் அது எல்லாம் ஒன்றுமில்லாமல் போக வேண்டுமா? கோபத்தில்தான் அனுப்பினேன். யோசித்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். அமுக்கிவிட்டுப் போனைக் குப்புறக் கவிழ்த்து அரிசிப் பானைக்கு மேல் வைத்துவிட்டு துணி துவைக்கப் போய்விட்டேன்.

சாயங்காலம்தான் எடுத்துப் பார்த்தேன். குரூப்பை நடத்துகிற தம்பி, "பாத்துட்டேன், எல்லாம் சரி. லிஸ்டுல போட்டாச்சு" என்று எழுதியிருந்தான். லிஸ்டும் இருந்தது. கடைசியில் என் பூ. கீழே மற்றவர்கள் எழுதியிருந்தார்கள். யார் நீங்கள், எத்தனை வயது, எந்த ஊர் என்று கேட்டிருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

முதலில் ஒருத்தன்: "பின்னாடி பேசுற ஐயா யாரு? சுண்ணாம்புல தொட்டிய எடுக்கச் சொல்றாருல்ல, அது கரெக்ட்டு."

இன்னொருத்தன்: "ஆமா, வெறுங்கையா எறங்கிட்டீங்க. தொட்டில வந்திருந்தா ரெண்டு நிமிசம் மிச்சம்."

அதற்குக் கீழே: "அம்மா, செம ரன். அந்த வெடிப்புல கொக்கி போடுறது புதுசு. ஆனா ஐயா சொன்ன ரூட்ட நான் நாளைக்கு ட்ரை பண்ணப் போறேன்."

அதற்குக் கீழே நாலைந்து பேர் ஐயா ரூட்டு, ஐயா ரூட்டு என்று அதைப் பற்றியே பேசிக்கொண்டு போகிறார்கள். அம்மா என்று எழுதிவிட்டான், அதோடு சரி. யாரும் அதில் ஆச்சரியப்படவில்லை. நாசமாப்போன மனுசா என்றதை ஒருத்தன் மட்டும் சிரிக்கிற படம் போட்டுவிட்டு விட்டுவிட்டான். அவர்களுக்கு வழிதான் முக்கியம். நானாகப் போட்ட வழியில் நான் முடித்துக் காட்டியிருக்கிறேன், அதைக் கேட்கவில்லை. கம்ப்யூட்டரைத் தொடாத மனுசரின் வழியைத் தூக்கிப் பிடிக்கிறார்கள்.

இவர் என் தோளுக்கு மேலே தலையை நீட்டிக் கண்ணாடியைச் சரிசெய்து ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார்.

"ஐயா ரூட்டு." இன்னொரு தரம் படித்தார். "ஐயா ரூட்டாம். பாத்தியா? படிச்ச பயலுக, வெவரம் தெரியுது."

எனக்குத் தாங்கவில்லை. அந்தக் குரூப்பில் அதுவரைக்கும் ஓர் எழுத்து எழுதாத நான் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கி எழுதினேன். "தொட்டிக்காக நின்றால் வௌவால் வரும். எண்ணெய் தீரும். அப்புறம் அவர் ரொப்பச் சொல்வார். அதற்கே கால் மணி நேரம். யாரும் அந்த வழியில் போகாதீர்கள் தம்பிகளா."

எழுதி அனுப்பிவிட்டு நிமிர்ந்தேன்.

"என்னத்த எழுதுன?" என்றார்.

"ஒங்க வண்டிய நிப்பாட்டச் சொல்லி எழுதுனேன்."

"எனக்கும் அதுல ஒரு படம் வச்சு விடு. நான் பதில் சொல்லணும்."

வைக்க மாட்டேன் என்று சொன்னேன். அதற்குள் போனில் இரண்டு பேர் பதில் எழுதிவிட்டார்கள், ஒருத்தன் என் பக்கம், ஒருத்தன் அவர் பக்கம். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இறக்கி வைத்துவிட்டு வந்து, அவர் பக்கம் பேசியவனுக்கு முதலில் பதில் எழுத உட்கார்ந்தேன்.